புறக்கடையில் இறங்கிய உறை

அத்தியாயம் 19

பச்சை டிரம்மின் மூடியைத் திறந்ததுமே சௌந்திரத்தின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அழுகை இல்லை, நாற்றம். புடவைத் தலைப்பால் மூக்கை இறுகக் கட்டிக்கொண்டு டிரம்மைச் சாய்த்து, தரையில் விரித்திருந்த சாக்கின் மேல் மொத்தத்தையும் கவிழ்த்தாள்.

"ஐயோ அத்தை, காலங்காத்தால இதையப் போயிக் கொட்டறீங்களே! மாமா வந்து பாத்தா சத்தம் போடுவாங்க." சமையலறைக் கதவருகில் நின்று மருமகள் மதுமதி பதறினாள்.

"அவிய நாமக்கல் போயிட்டுத் திரும்பி வரப் பொழுதாயிரும். வந்து போடட்டும் கண்ணு. நாலு நாளா இந்த ஊட்ல எல்லாரும் மூக்கப் புடிச்சுக்கிட்டுத் திரியறீங்க. உள்ளுக்குள்ள என்னதான் கெடக்குதுன்னு ஒருத்தராச்சும் எட்டிப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லைதான். குற்றம் யாருடையது என்று முதல் நாளே முடிவாகிவிட்ட பிறகு யார் பார்ப்பார்கள்? காய்கறித் தோலைச் சேர்த்து உரமாக்குகிறேன் என்று கிளம்பியவள் சௌந்திரம். அதற்காக மகன் ஜெகதீஸ்வரன் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் ஆன்லைனில் தருவித்த டிரம் இது. அடியில் குழாய், மேலே இறுக்கமான மூடி, கூடவே மக்க வைக்கிற பொடி ஒரு பாக்கெட். மூன்று வாரம் சமர்த்தாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை காலையிலிருந்து அஸ்தம்பட்டியின் அந்தச் சந்தில் நாலு வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுச் சாரதாமணி மதில்சுவருக்கு மேலே தலையை நீட்டி நயமாகச் சொன்னாள். புதன்கிழமை வாசலுக்கே வந்து நயமில்லாமல் சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலம் சௌந்திரத்தின் கணவர் மணியன் சோபாவில் சாய்ந்துகொண்டு தீர்ப்பு வாசித்துவிட்டார்.

"நாளைக்கு நாலு மணிக்குக் காண்ட்ராக்டர் ரமேஷ்குமார் வாரான். பொறக்கடை மொத்தத்துக்கும் காங்கிரீட் போட்டுட்டா ரெண்டாவது காரை நிறுத்திக்கலாம். நாத்தமும் போச்சு, கொசுவும் போச்சு."

நாற்றத்தோடும் கொசுவோடும் சேர்ந்து வேறென்ன போகும் என்பதை அவர் சொல்லவில்லை. பன்னிரண்டடிக்குப் பதினைந்தடி மண். அதில் இரண்டு வரிசை கத்தரி, ஒரு அவரைப் பந்தல், ஒரு கறிவேப்பிலை, இந்த வருஷம்தான் முதல் பூ வைத்திருக்கிற ஒரு எலுமிச்சை.

ஊரை நினைத்து ஏங்குகிறவள் என்று சௌந்திரத்தை யாரும் தப்பாக எடைபோட்டுவிட வேண்டாம். ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் இருபத்தெட்டு வருஷம் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கியவள் அவள். பண்ணையைக் கொழுந்தனார் சின்னுசாமியின் பொறுப்பில் விட்டுவிட்டு சேலத்துக்குக் குடிவந்த அன்று, இனிமேல் கோழி வாடையோடு சோறு தின்ன வேண்டியதில்லை என்று சந்தோஷமாகத்தான் காரில் ஏறினாள்.

ஆனால் அங்கே கொட்டகை எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பது மணியன் முடிவு. இங்கே டைல்ஸ், சோபா, சாமி படம் மாட்டுகிற ஆணி வரைக்கும் மகன் முடிவு. வீட்டுக்குப் பின்னால் சீந்துவாரில்லாமல் கிடந்த இந்தத் துண்டு மண்ணில் மட்டும்தான், எதை எங்கே வைப்பது என்று அவளை யாரும் கேள்வி கேட்டதில்லை. அதற்கும் இன்றைக்கு நாலு மணிக்கு முடிவு கட்டப் போகிறார்கள்.

ஒரு குச்சியால் குப்பையைக் கிளறினாள். மேலே வாழைப்பழத் தோல், வெங்காயச் சருகு, முருங்கைக் காம்பு. எல்லாம் அவள் போட்டவை. அதற்குக் கீழே அவள் போடாத ஒன்று சாம்பல் நிறத்தில் களி போலத் திரண்டு கிடந்தது. அதில் ஒட்டியிருந்த வெள்ளை இறகு ஒன்றைக் கிள்ளி எடுத்தாள். களியை விரலில் தொட்டுத் தேய்த்தபோது பொடிக்கல் மாதிரி நெருடியது. முட்டை ஓடு கெட்டிப்படுவதற்காகக் கோழித் தீவனத்தில் கலப்பார்களே, அந்தக் கிளிஞ்சல் நொறுக்கு.

இருபத்தெட்டு வருஷம் பார்த்த சரக்கு. இன்னொருத்தர் வந்து அவளுக்குச் சொல்லவா வேண்டும்?

"கோழி எரு," என்றாள் சௌந்திரம். "அதுவும் காயாத பச்சை எரு. ஒரு சாக்கு கொட்டியிருக்குது."

மதுமதியின் பார்வை கார் நிற்கிற பக்கம் போய்த் திரும்பியது.

"உனக்குத் தெரியுமா கண்ணு?"

"ஞாயித்துக்கெழம மாமா பண்ணைக்குப் போயிட்டு வந்தாங்கல்லங்க அத்தை. கார் டிக்கியில இருந்து ஒரு சாக்க எறக்கிப் பொறக்கடைக்குத் தூக்கிட்டுப் போனாங்க. நான் மாடியில துணி எடுத்துட்டிருந்தேன்."

"ஏஞ்சாமி, இத்தன நாளா ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலீங்களே. இந்த ஊட்ல என்னையக் கேட்டுட்டு யாரு என்ன பண்றாங்க?"

மூன்று வருஷத்தில் மதுமதி இவ்வளவு நீளமாகப் பேசி சௌந்திரம் கேட்டதில்லை. தெருமுனைக் கிளினிக்கில் லேப் டெக்னீஷியன் வேலை. போவாள், வருவாள், சமைப்பாள். எதிர்ப்பேச்சும் கிடையாது, ஒத்துப்பேச்சும் கிடையாது. இன்றைக்கு வார விடுமுறை என்பதால் வீட்டில் இருக்கிறாள். வாயில்லாப் பூச்சி என்று தான் நினைத்திருந்த பெண்ணை சௌந்திரம் ஒரு நிமிஷம் நன்றாகப் பார்த்தாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

மணியன் கெட்ட எண்ணத்தில் போட்டிருக்க மாட்டார். அது சௌந்திரத்துக்கு நிச்சயம். தோட்டங்காட்டில் டிராக்டர் டிராக்டராக எருக் கொட்டிப் பழகிய ஆள். 'ரெண்டு வாழத்தோலப் போட்டு வெச்சா எப்ப எருவாகறது?' என்று டிரம்மைப் பார்த்துச் சிரித்தவர், நாமே கொஞ்சம் சூடு ஏற்றிவிடுவோம் என்று ஒரு சாக்கைக் கவிழ்த்திருக்கிறார். திறந்த காட்டில் மாசக்கணக்கில் கிடந்து ஆறுகிற சரக்கை மூடி போட்ட டிரம்மில் அடைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

போட்டதைக்கூட மன்னித்துவிடலாம். நாலு நாளாக ஊரே அவளை ஏசியபோது, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, 'உனக்கெதுக்குப் புள்ள இந்த வேண்டாத வேல' என்று அவரும் சேர்ந்து சொன்னாரே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இந்த மனுஷனுக்குச் சாப்பாட்டை எடுத்து எடுத்து வைத்தோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

எழுந்து கையைக் கழுவினாள்.

"மதுமதி, ஸ்கூட்டிய எடு."

"எங்கீங்க அத்தை?"

"வேற தொட்டி வாங்கப் போறோம். இந்தத் தடவ நான் பாத்து வாங்கறேன்."

*

ஏற்காடு ரோட்டில் செடியும் தொட்டியும் விற்கிற அந்தக் கடையின் முதலாளி அப்புசாமி, வியாபாரத்தைப் பக்தியோடு செய்கிற மனிதர். வீட்டில் எத்தனை பேர், தினம் எவ்வளவு குப்பை, புறக்கடையில் வெயில் எந்த நேரம் விழுகிறது என்று டாக்டர் மாதிரி விசாரித்துவிட்டுத்தான் சரக்கைக் காட்டினார்.

முதலில் மூன்றடுக்கு மண் தொட்டி. "மேல் தொட்டி நெறஞ்சா அடிக்கு மாத்திக்கலாமுங்க. பக்கத்துல ஓட்டை இருக்கறதால காத்துப் போக்குவரத்து நல்லா இருக்கும், வாசமே வராது. பாருங்க, கோலம் போட்ட மாடல். முன் ரூம்ல வெச்சாக்கூட ஒரு அழகு."

சௌந்திரம் குனிந்து மேல் தொட்டியைத் தூக்கினாள், வைத்தாள். அடித்தொட்டியையும் தூக்கினாள், வைத்தாள். "வேண்டாமுங்க."

அடுத்தது இரும்புக் காலில் நிற்கிற டிரம், பக்கத்தில் கைப்பிடி. "கெளற வேண்டியதே இல்லீங்கம்மா. காலையில நாலு சுத்து, பொழுதோட நாலு சுத்து. அம்புட்டுத்தான்."

அவள் கைப்பிடியைச் சுற்றிப் பார்க்கவில்லை. காலைப் பிடித்து ஒரு பக்கமாகத் தூக்கிப் பார்த்தாள். "இதத் தூக்கறதுக்கு எத்தன பேருங்க வேணும்?"

"ஒரே ஆளு போதுமுங்க!" என்றார் அப்புசாமி பெருமையோடு.

"அப்ப வேண்டாமுங்க."

மண்புழு வளர்க்கிற பச்சைப் பை ஒன்றை உதறி விரித்தார். "இது இன்னும் லேசுங்க. ஊடு மாத்திப் போறப்போ மடிச்சு அக்குள்ல வெச்சுக்கலாம்."

"அது இன்னும் மோசமுங்க."

கம்பிவலைக் கூண்டு வந்தது. அதைச் சௌந்திரம் தூக்கக்கூட இல்லை, காலால் ஒரு தள்ளு தள்ளினாள். அது பாட்டுக்கு இரண்டடி நகர்ந்து போய் நின்றது. அப்புசாமிக்கு லேசாகக் கோபம் வந்துவிட்டது.

"ஏனுங்கம்மா, வெயிட் கம்மியா இருந்தா நல்லதுதானுங்களே? கடைக்கு வர்ற எல்லாரும் அதத்தானுங்க கேக்கறாங்க."

"அவிய ஊட்லயெல்லாம் யாரும் தூக்கி வெளிய போட மாட்டாங்களாட்ட இருக்குது. எனக்கு ரெண்டு பேரு சேந்து வந்து தள்ளுனாலும் நகராத தொட்டியா வேணுமுங்க. வெச்சா வெச்ச எடத்துல நிக்கோணும்."

மதுமதிக்கு இப்போதுதான் விஷயம் விளங்கியது. காலையிலிருந்து மாமியார் தேடுவது நாற்றம் வராத தொட்டியை இல்லை, யாராலும் அப்புறப்படுத்த முடியாத தொட்டியை. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஹெல்மெட்டை முகத்துக்கு நேராகப் பிடித்து அதை மறைத்துக்கொண்டாள்.

"அத்தை, கெணத்துக்குள்ள எறக்குவாங்களே, சிமெண்ட் உறை. அது எப்படீங்க?"

சௌந்திரம் திரும்பி மருமகளைப் பார்த்தாள். அப்புசாமியையும் பார்த்தாள்.

ஒரு வியாபாரம் கைநழுவிப் போவது தெரிந்தும் மனுஷர் பொய் சொல்லவில்லை. "நல்ல யோசனைதானுங்க. அடி தெறந்து கெடக்கறதால தண்ணி நிக்காது. மண்புழு தானா ஏறி வரும். எலி வராம அடியில மட்டும் கம்பிவலை போட்டுக்கோணும். வலை எங்கிட்ட இருக்குதுங்க."

வலையை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

*

பைபாஸ் ரோட்டோரம் தீர்த்தகிரியின் பட்டறையில் உறைகள் வரிசை வரிசையாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. தீர்த்தகிரி பைப்பைப் பிடித்து அவற்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"கெணறு எத்தன அடிங்கம்மா? எத்தன உறை வேணும்?"

"ஒண்ணு போதுமுங்க. கெணத்துக்கு இல்ல, கத்தரிச்செடிக்கு."

அவர் பைப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். சௌந்திரம் சிரிக்காமல் காரணத்தைச் சொன்னதும் அவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, ஓரமாக நின்ற ஒரு உறையிடம் கூட்டிப்போனார். மழைத்தண்ணீரைப் பூமிக்குள் இறக்குகிற குழிக்காக வார்த்தது. மூன்றடி அகலம், ஒன்றரையடி உயரம், சுற்றிலும் விரல் நுழைகிற ஓட்டைகள்.

சௌந்திரம் இரண்டு கையையும் அதன் மேல் ஊன்றித் தள்ளினாள். அசையவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மண்ணில் அழுத்தி இன்னொரு முறை தள்ளினாள். மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

"இது எத்தன பேருங்க?"

"உருட்டிட்டுப் போக நாலு பேருங்க. அரையடி மண்ணுக்குள்ள எறக்கிட்டீங்கன்னா நாலு பேராலயும் ஆவாது. ஒடைச்சுத்தான் எடுக்கோணும்."

"இதத்தானுங்க காலையில இருந்து தேடிட்டிருக்கறேன்."

பகல் ஒரு மணிக்குப் பின்சந்தில் குட்டியானை வண்டி உறையோடு வந்து நின்றது. நாலு ஆட்கள் உறையை உருட்டிப் பின்கேட் வழியாக உள்ளே கொண்டுவந்தார்கள். பெரியவர் ஒருவர் இடத்தைப் பார்த்துவிட்டு, "ஓரமாப் போட்டரலாமுங்களா?" என்று கேட்டார்.

"நடுவுல," என்றாள் சௌந்திரம். கார் வந்து நின்றால் அதன் வயிறு எந்த இடத்தில் இருக்குமோ, அந்த இடத்தைக் காலால் கீறிக் காட்டினாள்.

கம்பிவலை விரித்து, அரையடி ஆழத்துக்கு உறையை இறக்கி, சுற்றிலும் மண்ணை மிதித்துக் கெட்டித்துவிட்டு ஆட்கள் போனார்கள். சாக்கின் மேல் கிடந்த கோழி எருவில் பாதியை அவள் தனியாகப் பிரித்து, கத்தரிக்கு எட்டாத மூலையில் குழி தோண்டிப் புதைத்தாள். மீதிப் பாதி உறைக்குள் போகலாம். ஆனால் ஒரு கூடை எருவுக்குப் பத்துக் கூடை காய்ந்த சரக்கு வேண்டும். புறக்கடையில் கூட்டிச் சேர்த்த சருகு இரண்டு கூடைகூடத் தேறவில்லை.

மதிலுக்கு மேலே சாரதாமணியின் தலை தெரிந்தது.

"என்னக்கா, கெணறு வெட்டறீங்களா?"

"உரத்தொட்டி சாரதா."

"மறுபடியுமா?" சாரதாமணியின் குரல் உயர்ந்தது. "நேத்துத்தான அவ்வளவு சொன்னேன்? எங்க வீட்டுக்காரருக்கு நேத்து ராத்திரி சாப்பாடே எறங்கல."

"நேத்து நீ சொன்னதுல தப்பில்ல. நாறுனது நெசம். ஆனா அது காய்கறித் தோல்ல வந்த நாத்தம் இல்ல, உள்ள பச்சைக் கோழி எரு கெடந்துச்சு. நான் போடல."

"பின்ன யாரு போட்டது?"

"போட்டவிய வாயாலயே சாயங்காலம் தெரிஞ்சுக்குவ. இப்ப எனக்குக் காஞ்ச சரக்கு வேணும் சாரதா. சருகு, அட்டை, காயிதம், எதுவானாலும் சரி. அதப் போட்டு மூடுனா நாத்தம் அடங்கீரும்."

சாரதாமணி யோசித்தாள். அவள் கணவர் கந்தவேலுக்கு இளம்பிள்ளையில் சேலை வியாபாரம். சேலை வந்த அட்டைப்பெட்டிகள் அவர்கள் மாடிப்படிக்கு அடியில் மலையாகக் குவிந்து கிடப்பது இந்தச் சந்துக்கே தெரியும். கொடுக்கலாமா வேண்டாமா என்று அவள் முகத்தில் ஓடியது.

"தர்றேன். ஆனா ஒண்ணுக்கா, நாத்தம் நிக்கலேன்னா காங்கிரீட்டுக்கு நானே வந்து ஜல்லி அள்ளிப் போடுவேன்."

"போடு. நான் தடுக்க மாட்டேன்."

பெட்டிகள் ஒவ்வொன்றாக மதில் தாண்டி வந்து விழுந்தன. மாமியாரும் மருமகளும் உட்கார்ந்து கிழித்தார்கள். நனைத்த அட்டை ஒரு அடுக்கு, எரு ஒரு கை, சருகு ஒரு அடுக்கு, கொஞ்சம் மண். மூன்றரை மணிக்கு மேலே ஒரு பலகையைப் போட்டு மூடியபோது நாற்றம் அடியோடு போய்விட்டது என்று சொன்னால் அது பொய். கிட்டே போய்க் குனிந்தால் இருந்தது. நாலடி தள்ளி நின்றால் மண் வாசனைதான் வந்தது.

*

ரமேஷ்குமார் சொன்ன நேரத்துக்கு வந்தார். கையில் டேப், கூடவே இரண்டு ஆட்கள். பின்னால் மணியன். போர்வெல் ரிக் ஆபீஸிலிருந்து நேராக வந்த ஜெகதீஸ்வரன் போனைப் பார்த்தபடி கடைசியாக வந்தான்.

புறக்கடைக் கதவைத் தாண்டிய மணியன் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன கெரகம் இது?"

"உரத்தொட்டிங்க," என்றாள் சௌந்திரம்.

"யாரக் கேட்டு வெச்ச?"

"யாரையும் கேக்கலீங்க."

ஜெகதீஸ்வரன் போனைப் பையில் போட்டுக்கொண்டான். "அம்மா, நான் வாங்கிக் குடுத்த டிரம்மு என்னாச்சு?"

"கழுவிக் காய வெச்சிருக்கறேன் சாமி. திருப்பி எடுத்துக்குவாங்களான்னு கேட்டுப் பாரு."

மணியன் மனைவியோடு பேசுவது நேர விரயம் என்பதுபோல் காண்ட்ராக்டர் பக்கம் திரும்பினார். "ரமேஷு, ஆளுங்கள உட்டு அத வெளிய தூக்கிப் போடச் சொல்லு."

இரண்டு ஆட்களும் குனிந்தார்கள். முக்கினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரமேஷ்குமாரே கிட்டே போய் உறையைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "ஆழமா எறக்கிக் கெட்டிச்சுட்டாங்கண்ணா. ரெண்டு பேரால ஆவாது."

"தெருவே நாறிப்போச்சு, இன்னும் புத்தி வரலியா உனக்கு?" மணியன் சத்தம் போட்டார். மதிலுக்கு மேலே சாரதாமணி வந்து நின்றதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் கூட்டியே போட்டார். "பக்கத்து ஊட்டுக்காரங்க மூஞ்சியில முழிக்க முடியல!"

"இப்ப நாறுதுங்களா?"

ரமேஷ்குமார் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, இதில் நமக்கென்ன என்று டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"ஏனுங்க," என்றாள் சௌந்திரம், குரலை உயர்த்தாமல். "ஞாயித்துக்கெழம பண்ணையில இருந்து என்னங்க கொண்டாந்தீங்க?"

"என்ன கொண்டாந்தேன்? முட்டை கொண்டாந்தேன்."

"முட்டை சமையக்கட்டுக்கு வந்துச்சு. சாக்கு?"

ஜெகதீஸ்வரன் அப்பாவைப் பார்த்தான். மணியன் மீசையைத் தடவிக்கொண்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். நாலு நாளாகச் சும்மா இருந்துதான் சமாளித்திருக்கிறார்.

"ஆமா, கொண்டாந்தேன். எருவுதான போட்டேன், வெஷமா வெச்சேன்? உன்ற தொட்டி சீக்கிரம் மக்கட்டும்னு போட்டேன்."

மதிலின் அந்தப் பக்கம் சாரதாமணி "அடக் கடவுளே" என்றது எல்லோருக்கும் கேட்டது.

"நல்லதுக்குத்தான் போட்டீங்க, எனக்குத் தெரியுமுங்க," என்றாள் சௌந்திரம். "திங்கக்கெழம நாறுனப்ப நான்தான் போட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, போனாப் போகுதுன்னு நானே அள்ளிக் கொட்டியிருப்பேன். செவ்வாக்கெழம சொல்லியிருக்கலாம். நேத்து வாசல்ல நிக்க வெச்சு என்னையப் பேசுனப்பவாச்சும் சொல்லியிருக்கலாம். நீங்க கைக்குட்டைய எடுத்து மூக்குல வெச்சீங்க."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

மணியனின் முகம் ஒரு கணம் இளகியது. அந்த இடத்தில் அவர்கள் இருவர் மட்டும் இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். காண்ட்ராக்டரும் ஆட்களும் மகனும் மருமகளும் பக்கத்து வீட்டுக்காரியும் பார்த்துக்கொண்டிருந்தார்களே! இளகிய முகம் திரும்பவும் இறுகிவிட்டது.

"சரி, போட்டது நான்தான். அதுக்கென்ன இப்ப? இது என்ற ஊடு. எனக்குக் காரு நிறுத்த எடம் வேணும்."

"ஊடு உங்களுதுதானுங்க. நான் இல்லேங்கல. காரு ரோட்டுல நின்னா மேல வெயில் அடிக்கும், அம்புட்டுத்தான். இந்த மண்ணும் போயிருச்சுன்னா, இத்தாப் பெரிய ஊட்ல நான் எங்க போயி நிக்கறதுன்னு எனக்குத் தெரியலீங்க."

ஜெகதீஸ்வரனுக்கு எல்லோர் முன்னாலும் இது நடப்பது தாங்கவில்லை. "மது, நீ அம்மாவ உள்ள கூட்டிட்டுப் போ."

மதுமதி நகரவில்லை. காலடியில் மிச்சமிருந்த அட்டைத் துண்டுகளை அள்ளினாள். பலகையை நகர்த்தி உறைக்குள் தூவினாள். கையைத் தட்டிக்கொண்டு மாமியாருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தை வர மாட்டாங்க. நானும் வரலீங்க."

கல்யாணமான மூன்று வருஷத்தில் அவன் சொன்னதற்கு அவள் முடியாது என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

"அண்ணா, நீங்க ஊட்டுக்குள்ள பேசி முடிச்சுட்டுக் கூப்புடுங்க. நான் இன்னொரு நாளைக்கு வாரேன்," என்றார் ரமேஷ்குமார் நாசூக்காக.

"பேசறதுக்கு ஒண்ணுமில்ல!" மணியனின் சத்தத்தில் அவரைப் பந்தலில் இருந்த குருவி பறந்தது. "ஞாயித்துக்கெழம காலையில பின்சந்து வழியா ஒரு சின்ன ஜேசிபிய உடு. உறையப் புடுங்கி எறி. அன்னிக்கே காங்கிரீட். நான் நின்னு போட வைக்கறேன்."

சொல்லிவிட்டு விருட்டென்று உள்ளே போனார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அடுத்த நிமிஷம் முன் அறையில் டி.வி. வீடே அதிர அலறியது. ரமேஷ்குமார் யார் முகத்தையும் பார்க்காமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பின்கேட் வழியாக நழுவினார்.

ஜெகதீஸ்வரன் அம்மாவின் பக்கத்தில் வந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் தணிந்த குரலில் சொன்னான். "எதுக்கம்மா இந்த வீம்பு? ஒரே ஒரு உறை. ஜேசிபி வந்தா அஞ்சு நிமிஷ வேல."

சௌந்திரம் பின்கேட்டை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவன் சொன்னதில் நியாயம் இருப்பதுபோல் தலையை ஆட்டினாள்.

"ஆமாஞ்சாமி. ஒண்ணுன்னா அஞ்சு நிமிஷந்தான்."

மருமகளின் பக்கம் கையை நீட்டினாள். மதுமதி எதுவும் கேட்காமல் தீர்த்தகிரியின் நம்பரைப் போட்டுப் போனை அந்தக் கையில் வைத்தாள்.

"தீர்த்தகிரிங்களா? காலையில உறை வாங்குன சௌந்திரம் பேசறேனுங்க. நல்லா இருக்குதுங்க, நீங்க சொன்னாப்பலயே ஒருத்தராலயும் அசைக்க முடியல. அதே மாதிரி இன்னும் மூணு வேணுமுங்க."

முன் அறையில் டி.வி. சத்தம் சட்டென்று நின்றது. அது அவளுக்குக் கேட்டது. போனைக் காதிலிருந்து எடுக்காமல் வீட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

"நாளைக்கே எறக்கோணுமுங்க. ஆமாங்க, இப்ப இருக்கறதோட சேத்து நாலும் ஒரே வரிசையில, பின்கேட்டுக்கு நேரா. ஜேசிபி உள்ள நொழையக் கூடாதுங்க."